பறவைக் கூட்டுப் படத்துக்குப் பரிசு வேண்டாம்: போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயற்கைப் புகைப்படப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றில் நடுவர்களாக அமர்கிறவர்களுக்கும், பறவைப் படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிடும் இதழாசிரியர்களுக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். 1983-இல் முதல் கேமரா வாங்கினேன். இன்றுவரை அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. புலி, யானை என்று தேடிப்போகிற வசதி அன்று இல்லை. நாங்குநேரி, களக்காடு, திசையன்விளைப் பக்கத்துக் குளங்கள்தான் என் காடு. ஞாயிறு விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, எந்தக் குளத்தில் தண்ணீர் கிடக்கிறதோ அங்கே போய் மறுகால் ஓரம் உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஞாயிறுகளை எல்லாம் நாரைக்கும் உள்ளானுக்கும் கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, நிறைவும் உண்டு.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடைகாக்கும் பறவை, முட்டை, கூட்டிலிருக்கும் குஞ்சுக்கு இரை ஊட்டும் காட்சி எனக் கூட்டருகே எடுத்த எந்தப் படத்தையும் போட்டிக்குள் வர விடாதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் அச்சிடாதீர்கள். அப்படி ஒரு படத்துக்குப் பரிசு வாங்கியவன் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

1986 ஏப்ரல். குளம் வற்றி, நடுவில் மட்டும் ஒரு பாய் விரித்த அகலத்துக்குக் கலங்கிய தண்ணீர் கிடந்தது. கரையிலிருந்து பொட்டலில் இறங்கியதுமே ஆட்காட்டிப் பறவை கத்தத் தொடங்கிவிட்டது. அது கத்திய கத்தலிலிருந்தே கூடு பக்கத்தில் இருப்பது தெரிந்தது. கூடு என்பதுகூட அதற்குப் பெரிய சொல். உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் சின்னக் கற்கள், காய்ந்த ஆட்டுப் புழுக்கைகள். அதற்குள் நான்கு முட்டைகள், கூர்முனைகளை உள்பக்கம் வைத்து நெருக்கி அடுக்கியதுபோல் கிடந்தன. மண் நிறம், அதன்மேல் கறுப்புத் திட்டுகள். பார்வையை ஒருமுறை எடுத்துவிட்டால் மறுபடி கண்டுபிடிக்கத் தடுமாற வேண்டியிருந்தது.

என்னிடம் இருந்தது பழைய பென்டாக்ஸ் ஒன்று. 200 மில்லிமீட்டர் லென்ஸ். உள்ளே ஊட்டித் தொழிற்சாலையில் தயாரான 'இந்து' என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள். அந்த லென்ஸில் ஆட்காட்டி படத்தில் பாதியாவது நிறைய வேண்டுமானால், நான் அதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று அடிக்குள் இருந்தாக வேண்டும். சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்தேன். அப்போது மணி பத்தரை இருக்கும்.

பறவைகள் இரண்டும் கூட்டுக்கு வரவில்லை. தலைக்கு மேல் சுற்றின. என் முதுகை உரசுவதுபோல் பாய்ந்தன. தூரத்தில் இறங்கி நாலு எட்டு நடந்து நின்று, திரும்பவும் எழுந்து பறந்தன. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கரையில் நின்று, "தம்பி, அது வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. முட்டையைக் குளிர வைக்க வேண்டும். எழுந்து வந்துவிடுங்கள்" என்றார். நான் சாக்குக்குள்ளிருந்து கையை நீட்டி, போகும்படி சைகை காட்டினேன். அவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது எவ்வளவு துல்லியமானது என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. கோடையில் ஆட்காட்டி தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வரும். அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் அமரும், அல்லது நிழல் விழும்படி நிற்கும். அதற்கு உச்சி வெயிலில் அடைகாப்பது சூடு கொடுப்பதற்காக இருக்காது, சூட்டைத் தடுப்பதற்காக இருக்கும். முட்டைக்குள் வளரும் கரு குளிரைச் சற்று நேரம் தாங்கிவிடும். சூட்டை அப்படித் தாங்காது. அன்று அந்தப் பறவைகள் நனைந்து வந்து, என்னைப் பார்த்துத் தயங்கி, வயிறு காய்ந்து, மறுபடி தண்ணீருக்குப் போய் நனைந்து வந்திருக்கின்றன. நானோ அவை போய்ப் போய் வருவதைப் பார்த்துப் பொறுமை இழந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டரை மணி வாக்கில் ஒன்று வந்தது. முட்டைகளின் மேல் கால்களை அகட்டி நின்றது. சிறகுகள் லேசாக விரிந்திருந்தன, அலகு திறந்திருந்தது, வயிற்று இறகுகளிலிருந்து சொட்டு நீர் விழுந்துகொண்டிருந்தது. பதினொரு படம் எடுத்தேன். ஒன்று அருமையாக அமைந்துவிட்டது. ஒரு மாநிலப் போட்டிக்குத் "தாய்மை" என்று தலைப்பிட்டு அனுப்பினேன். கறுப்பு வெள்ளைப் பிரிவில் முதல் பரிசு. குஞ்சுகளை நினைத்துப் பாடுவதுபோல் அலகைத் திறந்திருக்கிறது என்று மேடையில் பாராட்டினார்கள். ஆட்காட்டியில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் முறைவைத்து அடைகாக்கும். படத்தில் இருப்பது தாயா தந்தையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அது பாடவும் இல்லை. வெயில் தாங்காமல் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது.

அந்த முட்டைகள் ஒரு மாதத்தில் பொரிந்திருக்க வேண்டும். ஞாயிறுதோறும் போய்த் தூரத்திலிருந்து பார்த்தேன். மே கடைசியிலும் பறவைகள் உட்கார்ந்துகொண்டிருந்தன. ஜூனில் ஒருநாள் போனபோது இரண்டையும் காணவில்லை. முட்டைகள் அப்படியே கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளும்பியது. கூமுட்டை. நான்குமே கூமுட்டை.

வெயில்தான் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த முட்டைகளை இரண்டு மணி நேரம் பொட்டல் வெயிலில் நிழலில்லாமல் கிடத்தியது நான்தான். அதற்கு நிரூபணம் வேண்டியதில்லை.

நடுவர்களே, இதை உங்கள் முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்திலேயே எல்லாம் இருந்தது. திறந்த அலகு இருந்தது, தூக்கிய சிறகு இருந்தது, நிழல் காலடியில் சுருண்டிருந்ததால் நேரம் உச்சிப் பொழுது என்பதும் இருந்தது. பறவையை அறிந்த ஒருவர் நடுவர் குழுவில் இருந்திருந்தால், இந்தப் பறவை எவ்வளவு நேரமாகக் கூட்டுக்கு வராமல் இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். யாரும் கேட்கவில்லை. பரிசு கிடைத்ததால், நான் செய்தது சரி என்றே ஏழெட்டு ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். தையல்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான் என்று எத்தனை கூடுகளின் முன் உட்கார்ந்தேன் என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இன்று உங்களுக்கு வந்து குவியும் படங்களிலும் இப்படிப்பட்ட தடயங்கள் இருக்கின்றன. அலகில் புழுவைக் கவ்வியபடி, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு கிளையில் நிற்கும் பறவை அழகான படம்தான். பெரும்பாலும் அது கூட்டுக்குப் போகத் துணியாமல் நிற்கிறது. உள்ளே குஞ்சுகள் பசித்திருக்கின்றன. கூட்டைச் சுற்றி இலை இல்லாமல் பளிச்சென்று வெளிச்சம் விழுகிறதா, காம்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், புதிதாக நறுக்கிய வெட்டு தெரியும். அந்த இலைகள்தாம் குஞ்சுகளுக்கு வெயில் மறைப்பு, காக்கைக் கண்ணுக்கும் மறைப்பு. பறக்கத் தெரியாத குஞ்சுகள் மூன்று, வெற்றுக் குச்சியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றனவா? அவற்றை யாரோ எடுத்து வைத்திருக்கக்கூடும். மனித வாடை பட்டால் தாய் கூட்டை விட்டுவிடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். வாடை பெரிதில்லை. நாம் எங்கே குனிந்து நிற்கிறோம் என்பதை மரத்து மேலிருந்து காக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் போனதும் அது இறங்கி வருகிறது.

நான் குளத்துப் பொட்டலில் செய்த தவறு ஒரு ஆள் செய்த தவறு, ஒரே நாளில் முடிந்தது. இப்போது ஒரு கூடு தெரிந்தால் அன்று மாலைக்குள் வாட்ஸப் குழுவில் இடம் போய்விடுகிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடைக்கரையில் அரசவால் ஈப்பிடிப்பான் கூட்டின் முன் முக்காலிகள் பதினேழு நின்றதை நானே எண்ணினேன். அத்தனை பேரும் நல்லவர்கள். பறவையை நேசிக்கிறவர்கள். தனித்தனியே கேட்டால், பத்து நிமிடம்தான் நின்றேன் என்பார்கள், அதுவும் உண்மையாகவே இருக்கும். பதினேழு பேரின் பத்து நிமிடங்களைச் சேர்த்து அனுபவிப்பது அந்த ஒற்றைக் கூடு. 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருக்கிறவர் நாற்பது அடி தள்ளி நிற்கலாம். என் காலத்தில் அந்த வசதிக்கு ஏங்கியிருக்கிறேன். ஆனால் நீண்ட லென்ஸ் கைக்கு வந்ததும் தூரம் கூடவில்லை. இன்னும் பெரிதாக, கண்ணின் மணி வரை வேண்டும் என்ற ஆசைதான் கூடியது.

மலை இருவாட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வால்பாறைப் பக்கம் போகும் படக்காரர்கள் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்கிறது; அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவை விடுகிறது. உள்ளேயே இறகுகளை உதிர்க்கிறது. மாதக் கணக்கில் அதற்கும் பிறகு பிறக்கும் குஞ்சுக்கும் ஆண் கொண்டுவந்து ஊட்டுவதுதான் உணவு. அத்திப் பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேலே எடுத்து அந்தப் பிளவின் வழியே கொடுக்கும். மரத்தடியில் ஆட்கள் நின்றால் அது தூரத்து மரத்திலேயே உட்கார்ந்துவிடும். நாம் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கலாம்; பொந்துக்குள் இருப்பது எழுந்து போய்ச் சாப்பிட முடியாது. பெரிய பொந்துள்ள மரங்கள் குறைந்துவரும் காட்டில், ஒரே பொந்துக்கு ஆண்டாண்டாகத் திரும்பி வருகிற பறவை இது. அந்த ஒரு மரத்தை அது நமக்கு அஞ்சிக் கைவிட்டால் வேறு எங்கே போகும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நடுவர்கள் அறிந்திருக்க வேண்டும். கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 2-ஆம் பிரிவு 16-ஆம் உட்பிரிவில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. கொல்வது, பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது எல்லாம் அதில் வருகின்றன. அதே பட்டியலில் காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ தொந்தரவு தருவதும் சேர்க்கப்பட்டுள்ளன. இதைப் படித்த அன்று என் கேமரா பையைத் திறக்கவே மனமில்லாமல் போனது. துப்பாக்கி தூக்கியவனை வேட்டைக்காரன் என்று நான் திட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம், சட்டத்தின் கண்ணில் நானும் அதே வரிசையில் நின்றிருக்கிறேன்.

சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலேயே இதைத் தெரிந்து வைத்திருந்த மக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கூந்தன்குளத்துக்கு நான் போகாத ஆண்டு இல்லை. அங்கே மஞ்சள் மூக்கு நாரை வீட்டுக் கொல்லைப்புற மரத்தில் கூடு கட்டும். கீழே பாத்திரம் துலக்குவார்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள், மேலே குஞ்சுகள் கரகரவென்று கத்திக்கொண்டிருக்கும், முற்றமெல்லாம் எச்சம் விழும், மீன் வீச்சமடிக்கும். யாரும் கல்லெடுத்து நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்று முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் எழுத்து மூலமாக உரிமை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கோடு பாசமும் கலந்திருந்தது. இந்த ஊர்களிலும் கூடுகள் மனிதர்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன என்று என்னிடம் ஒரு இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே பறவை தானாக மனிதனைத் தேடி வந்து, அவன் நடமாட்டத்தைப் பார்த்துப் பழகி, பிறகு கூடு கட்டுகிறது. பொட்டலில் நாம் அதைத் தேடிப் போகிறோம். அந்த ஊர்களில்கூடக் கரைமேல் நின்று எடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

கூட்டுப் படத்தை விலக்கினால் பறவையின் வாழ்வில் பாதியை மறைத்ததாகாதா என்று கேட்பீர்கள். ஆய்வாளர்கள் அனுமதி பெற்று, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று வரையறுத்துக்கொண்டு பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகள் அறிவுக்குப் போதும். போட்டிக்கு வரும் கூட்டுப் படம் அறிவுக்காக எடுக்கப்பட்டதன்று. இதை என் அனுபவத்திலிருந்தே உறுதியாகச் சொல்வேன். ஆட்காட்டி எத்தனை முறை நனைந்து வந்தது என்று நான் குறித்துக்கொள்ளவே இல்லை.

கண்டிப்பாக இருப்பதால் போட்டியின் பெயர் கெடாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற கானுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்றது, வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்ப் படம். அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கக்கூடும் என்று முடிவு செய்து, 2010 தொடக்கத்தில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். மற்றொரு படத்துக்குக் கொடுத்த விருதையும் 2018-இல் நீக்கினார்கள். அதில் இருந்த எறும்புத்தின்னி, பாடம் செய்யப்பட்ட உடல் என்று வல்லுநர்கள் கருதியதே காரணம். அந்தப் போட்டியின் மதிப்பு இதனால் இறங்கவில்லை. நம் நாட்டிலும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என்று விதி வைத்திருக்கும் போட்டிகள் இருக்கின்றன. ஆனால் மாவட்ட அளவிலும் கல்லூரி அளவிலும் நடக்கும் போட்டிகளில் இந்த விதியை நான் அரிதாகவே பார்க்கிறேன். படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் வருவது அங்கேதான்.

எனவே விதியை எழுதும்போது கூடு, முட்டை, கூட்டுக் குஞ்சு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "விலங்குகளுக்கு இடையூறு செய்யக் கூடாது" என்ற பொதுவான வரியை யாரும் தனக்கானதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்கு மூலக் கோப்பைக் கேட்கிறீர்கள், நல்லது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இருபது படங்களையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு படம் பொய் சொல்லும். வரிசையாக வைத்துப் பார்த்தால் பறவை பதறியதா, இயல்பாக இருந்ததா என்பது வெளிப்பட்டுவிடும். நடுவர் குழுவில் ஒருவராவது களத்தில் பறவைகளோடு காலம் கழித்தவராக இருக்கட்டும். அவருக்குக் கேமரா பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆடு மேய்க்கும் அந்தப் பெரியவர் அன்று நடுவராக இருந்திருந்தால் என் படத்தை ஒரே பார்வையில் ஒதுக்கியிருப்பார். அச்சிடும்போது ஊர்ப் பெயர், ஓடைப் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். இரவில் தேவாங்கின் கண்ணில் ஃபிளாஷ் அடித்து எடுத்த படங்களையும் இதே தராசில் வையுங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியை 2022-இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். இருட்டிலேயே இரை தேடி வாழும் உயிர் அது. அதற்காக ஒரு காட்டையே ஒதுக்கிவிட்டு, அதன் கண் கூசுவதற்குப் பரிசு கொடுக்கக் கூடாது.

பரிசுகளை எதற்குக் கொடுக்கலாம் என்பதிலும் எனக்கு ஆசைகள் உண்டு. சின்னதாக ஒரு பறவை, அதைச் சுற்றிப் பெரிதாக ஒரு குளம்: அப்படி ஒரு படத்தை முதல் பரிசுக்கு எடுங்கள். மனைப் பிரிவுக் கற்கள் நட்ட பொட்டலில் ஆட்காட்டி நிற்கும் படத்தை எடுங்கள். மின்கம்பியையும் குப்பைமேட்டையும் மறைக்காமல் காட்டும் படத்தை எடுங்கள். இயற்கை எழுத்தாளரும் படக்காரருமான மா. கிருஷ்ணன் முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவை வைத்துக்கொண்டு. பத்திரிகைப் பரபரப்புக்கு அவர் எடுக்கவில்லை. விலங்கு என்ன செய்கிறது என்பதைக் காட்ட எடுத்தார். அந்த மரபில் வந்த நாம் இமை முடி தெரிகிற அண்மைப் படத்தை மட்டுமே நல்ல படம் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தூரம் தெரிகிற படத்துக்கு நீங்கள் ஒரு முறை முதல் பரிசு கொடுத்துப் பாருங்கள், அடுத்த ஆண்டே பத்து பேர் நாலு எட்டு பின்னால் நகர்ந்து நிற்பார்கள்.

எனக்குப் பரிசு கொடுத்த மன்றம் இன்று இல்லை. இருந்திருந்தால் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது. இந்த மடலோடு அதன் பிரதி ஒன்றை வைத்திருக்கிறேன். நீங்கள் நடத்தும் அடுத்த போட்டியின் அறிவிப்பில், விதிகளுக்குப் பக்கத்தில் அதை அச்சிட்டுக்கொள்ளலாம், கட்டணம் வேண்டாம். "தாய்மை" என்ற பழைய தலைப்பை எடுத்துவிடுங்கள். படத்தின் கீழே, "சிவப்பு மூக்கு ஆட்காட்டி, 1986 ஏப்ரல். நான்கு முட்டைகள். நான்கும் பொரியவில்லை" என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டத்துப் பழைய படக்காரன் ஒருவன்